தைப்பூச நடையும் ஒரு பிடி ஆவாரந்தழையும்

இந்த வருஷமும் தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடந்து போனோம். சுமார் 60 கிலோமீட்டர், இரண்டு நாள் நடை, நடுவில் ஒட்டன்சத்திரத்தில் ராத்தங்கல். தரிசனம் முருகன் அருளால் நன்றாகவே கிடைத்தது, ஆனால் எனக்கு வழியில் நின்ற ஆவாரையைப் பற்றித்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.

இரண்டாம் நாள் விருப்பாச்சியைத் தாண்டிச் சத்திரப்பட்டியை நெருங்கும்போது மணி பத்து. வெறுங்காலில் தார் சுட ஆரம்பிக்கவும் எல்லாரும் ரோட்டோர மண்ணில் இறங்கி நடந்தோம், எனக்குத் தலை கிறுகிறுவென்று வந்து அப்படியே புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கூட்டத்தில் வந்த ஒரு வயதான அம்மா ஒன்றும் பேசாமல் ஓரத்துச் செடியிலிருந்து கை நிறையத் தழையும் பூவுமாக உருவிக்கொண்டு வந்தார். "தலையைக் குனிங்க சாமி" என்று உச்சியில் வைத்து, என் பச்சைத் துண்டாலேயே இறுக்கிக் கட்டிவிட்டார். ஆவாரந்தழை. வெயிலில் மாடு மேய்க்கிறவர்கள் தலைப்பாகைக்குள் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறேன், என் தலையில் ஏறியது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரத்தில் உச்சி குளிர்ந்தது.

எதிரே அந்தச் செடி, என் இடுப்பு உயரம்தான். ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் குட்டிக் காதுமடல் மாதிரி இரண்டு செதில்கள். ஒரு கருவண்டு வந்து பூவைக் கட்டிக்கொண்டு 'ர்ர்ர்' என்று அதிர்ந்தது. இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தத்துக்காகத்தான் வண்டு வருகிறது, அதுவும் இப்படி அதிர்ந்தால்தான் மகரந்தப் பையின் நுனித்துளை வழியாக உதிரும். பக்கத்தில் காய்ந்த தட்டைக் காய்கள் காகிதம் போலச் சலசலத்தன. அவரை, துவரை வம்சம் என்று அந்தக் காயே சொல்லிவிடும்.

போகியன்று வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்து நிலையில் காப்புக் கட்டியதும் இதே பூதான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களில் ஆவிரை என்று இந்த ஆவாரையும் உண்டு, குறிஞ்சி நிலத்துக்குத் தெய்வமோ சேயோன், அதாவது முருகன். ஆனாலும் அடிவாரத்துப் பூக்கடைகளில் ரோஜாவும் சம்பங்கியும்தான் கண்ணில் பட்டன, ஆவாரம்பூவைக் காணவில்லை. ரோடு அகலமான பிறகு ஓரத்திலும் முன்னைப்போல் அடர்த்தியாக இல்லை, அது மனசுக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நடந்து போகிறவர்கள் தழையை மட்டும் உருவுங்கள், கிளையை ஒடிக்காதீர்கள். அந்த அம்மா அப்படித்தான் செய்தார், உருவும் முன் செடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்புறம் ஆயக்குடி, கொய்யா வாசனை, காவடிக்கூட்டம், பழனி. இடும்பன் குளத்தில் குளிக்கத் துண்டை அவிழ்த்தால் தழையெல்லாம் சுருண்டிருந்தது, நடுவில் ஒரு பூங்கொத்து மட்டும் மஞ்சள் மாறாமல் இருந்தது. அதை மடியில் முடிந்துகொண்டு 693 படியும் ஏறினேன். தண்டாயுதபாணியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கையிலிருந்த விபூதியோடு அந்தப் பூவையும் சேர்த்து மடித்து வைத்தேன்.