சராசரியை நம்பாத வேலை

கோதுமையில் புது ரகம் உருவாக்கும் வேலை என்றதும் பலரும் வெள்ளைக் கோட்டையும் ஆய்வகத்தையும்தான் நினைக்கிறார்கள், ஆனால் பெரும்பகுதி வெயிலில் குனிந்து செய்வதுதான். கோதுமை தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் பயிர். அதனால் கதிர் வெளிவந்ததும், மகரந்தப்பைகள் பச்சையாக இருக்கும்போதே, உமியின் நுனியைக் கத்தரித்து ஒவ்வொரு பூவிலும் உள்ள மூன்று பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். ஒரு பை மஞ்சளாகி வெடித்திருந்தாலும் அந்தக் கதிரை நம்ப முடியாது. அப்புறம் பட்டர் பேப்பர் உறை மாட்டி, இரண்டு மூன்று நாள் கழித்து மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தூவி, மறுபடி மூட வேண்டும்.

இது சுலபமான பகுதி. இரண்டாம் தலைமுறையில் நெட்டை, குட்டை, துரு என்ற பூஞ்சை நோய் பிடித்தது, பிடிக்காதது என்று எல்லாம் கலந்து நிற்கும், அதில் கழிப்பதுதான் வேலையே. ரகம் ஒரே சீராக வர ஐந்தாறு தலைமுறை ஆகும். விளக்கொளியில் நாளுக்கு 22 மணி நேரம் வைத்து வளர்த்தால் வருடத்துக்கு ஆறு தலைமுறைகூட எடுக்கலாம், ஆனால் வயல் சோதனையை அப்படி அவசரப்படுத்த முடியாது.

நோரின் 10 என்ற ஜப்பானியக் குட்டை ரகத்தின் மரபணுக்களை வைத்துத்தான் நார்மன் போர்லாக் என்ற அமெரிக்கக் கோதுமை விஞ்ஞானி உரம் போட்டாலும் சாயாத கோதுமையை உருவாக்கினார். பெரிய விஷயம்தான். ஆனால் குட்டைப் பயிரில் வைக்கோல் குறைவு; மாடு வைத்திருக்கும் விவசாயி முதலில் பார்ப்பது அதைத்தான், நம் அட்டவணையிலோ தானிய எடை மட்டும்தான் இருக்கும்.

துரு நோய் இன்னொரு பாடம். தண்டுத் துருவைத் தடுக்கும் எஸ்ஆர்31 என்ற ஒரே மரபணுவை நம்பி உலகம் முழுக்க ஏகப்பட்ட ரகங்கள் இருந்தன, 1998இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட யூஜி99 என்ற தண்டுத் துரு வகை அதைத் தாண்டிவிட்டது. அதனால்தான் தனியாகப் பெரிதாகத் தடுக்காவிட்டாலும் நோயை மெதுவாக்குகிற பல மரபணுக்களை ஒன்றாகச் சேர்ப்பதை நான் விரும்புகிறேன். வேலை அதிகம், கண்ணுக்கும் பளிச்சென்று தெரியாது, சில புள்ளிகள் இலையில் இருக்கத்தான் செய்யும்.

ரகத்தை வெளியிடும்போது எல்லோரும் கேட்பது சராசரி மகசூலைத்தான். பால் பிடிக்கும் நேரத்தில் வெப்பம் ஏறி மணி சுருங்கிய வயல் அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடும். நல்ல வருடத்தில் எந்த ரகமும் ஓரளவு கொடுக்கும், கடன் வாங்கி விதைத்தவருக்குக் கெட்ட வருடத்தில் என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி. அதனால் அந்த வெப்பத்தில் சிக்கும்படி வேண்டுமென்றே தாமதமாக விதைத்த பாத்திகளின் எண்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன், அங்கே மகசூல் விழுந்த ரகம் மற்ற இடங்களில் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் சரி, கழித்துவிடுவேன்.