கிளிமீன் கெடுத்த விடுமுறை

சத்தமில்லாத தீவுக்குப் போனால் மனசும் சும்மா இருக்கும் என்பார்கள். டிவி இல்லை, சிக்னல் இல்லை. தென்னை மரங்கள், கடல், நாங்கள், அவ்வளவுதான். வேறு வேலை இல்லாததால் ஆளுக்கொரு பிரச்சினையை நாங்களே உற்பத்தி செய்துகொண்டோம். மூலப்பொருள் சப்ளை, ஐந்தாவது படிக்கும் என் மகன். கிளம்பும் முன் கடலைப் பற்றிய புத்தகம் ஒன்று அவன் கையில் சிக்கியிருந்தது.

முதலில் மாட்டியது அப்பா. காலையில் கால் நனைத்த இடத்தில் மதியம் பாறையும் பாசியும்தான் கிடந்தன. 2004 சுனாமியை டிவியில் பார்த்தவர் சும்மா இருப்பாரா? "கடல் உள்வாங்குது, மேட்டுக்கு ஓடுங்க!" என்று கிளம்பிவிட்டார். மூச்சிரைக்க அவர் மேடேறி நின்றபிறகு பையன் நிதானமாகச் சொன்னான்: "தாத்தா, சுனாமின்னா சில நிமிஷத்துல உள்ள போகும். இது காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா வத்துது. சாயங்காலம் திரும்பி வந்துடும்."

அவர் ஓடியதில் தப்பில்லை, சந்தேகம் வந்தால் ஓடத்தான் வேண்டும். ஆனால் செருப்பு, துண்டு, கண்ணாடிக்கூடு எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டவர், அம்மாவை மட்டும் கரையிலேயே விட்டுவிட்டார். அதற்கான விசாரணை இன்னும் முடியவில்லை.

அன்று ராத்திரி மகள் பொறுக்கி வைத்த சங்குகள் அறைக்குள் நடக்க ஆரம்பித்தன. உள்ளே துறவி நண்டுகள். காலி சங்கு கிடைத்தால் அதுதான் அவற்றுக்கு வீடு. என் மனைவி கட்டில் மேல் ஏறி நின்றபடியே வழியனுப்பி வைத்தாள்.

மறுநாள்தான் பெரிய குண்டு. அம்மாவுக்கு அந்த வெள்ளை மணல் அவ்வளவு பிடித்துப் போயிருந்தது. கையில் அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டு, "மாவு மாதிரி எவ்ளோ சுத்தமா இருக்கு பாரேன்" என்றார். பையன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான்.

"பாட்டி, அதுல பாதி கிளிமீன் கக்கா."

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. அவன் விடவில்லை. கிளி அலகு மாதிரி பல்லால் பவளப்பாறையைக் கடிக்குமாம், அதிலுள்ள பாசிதான் அதற்குச் சாப்பாடாம். கல்லைத் தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைத்து, பின்பக்கமாக மணலாக விட்டுவிடுமாம். பெரிய மீன் ஒன்றே வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ. பாதி என்பது அவன் கணக்கு. ஆனால் விஷயம் என்னவோ உண்மைதான், பவளத்தீவுகளின் வெள்ளை மணலில் கிளிமீனுக்குக் கணிசமான பங்கு உண்டு.

அவ்வளவுதான். அம்மா கையை உதறினார், புடவையை உதறினார், கடலில் போய்க் காலைக் கழுவினார். "மீன் அங்கதான் இருக்கு பாட்டி" என்றான் இவன். அங்கிருந்தும் ஒரே ஓட்டம்.

திரும்பி வந்தால், அப்பா அதே மணலில் மல்லாந்து படுத்து, வாயைத் திறந்தபடி குறட்டை. காற்று வேறு மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது.

"எழுந்திருங்க! வாயை மூடுங்க! அது மீனோட..." என்று அம்மா கத்த, அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"சைவ மீன்தானே, பரவால்ல" என்று புரண்டு படுத்தார்.