அஞ்சுவது யாதொன்றுமில்லை: திருவதிகை போய் வந்தேன்

பண்ருட்டியிலிருந்து திருவதிகை ரொம்பப் பக்கம், ஆட்டோ ஏறினால் சில நிமிடங்களில் கோயில் வாசல். பண்ருட்டி வரை வந்து பலாப்பழமும் முந்திரியும் வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். ஈசன் திரிபுரம் எரித்த தலம், சிவன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களில் ஒன்று, தேவாரம் பாடிய அப்பர் பெருமானுக்குச் சூலைநோய் என்கிற கொடிய வயிற்றுவலி தீர்ந்த இடம். இதை விட்டுவிட்டுப் போகலாமா?

அண்ணனுக்கு ஒரு ராத்திரி விபத்து நடந்து, அந்தச் செய்தி போனில்தான் வந்தது. அண்ணன் தேறி வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டார், என் பயம் மட்டும் போகவே இல்லை. இருட்டின பிறகு எந்த போன் அடித்தாலும் அடிவயிறு கலங்கும், வீட்டுக்காரர் வரக் கொஞ்சம் தாமதமானால் வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். அம்மாதான், "அப்பர் பாடின ஊருக்கு ஒரு தடவை போயிட்டு வாடி" என்றார்கள்.

மூலவர் வீரட்டானேஸ்வரர் பெரிய திருமேனி, பதினாறு பட்டை லிங்கம். குருக்கள் தீபாராதனை காட்டும்போது வெளிச்சம் ஒவ்வொரு பட்டையாக ஏறி அடுத்ததற்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், வேண்டிக்கொள்ள நினைத்தது எதுவும் வாயில் வரவில்லை. அப்புறம் பெரியநாயகி அம்மனை வணங்கிவிட்டு வந்தேன்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது அப்பரின் அக்கா திலகவதியார் சன்னிதியில். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போரில் இறந்தார், தானும் உயிரை விடப் போனவர் தம்பிக்காக நின்றார், அந்தத் தம்பியும் சமணத்துக்குப் போய்விட்டார். எதை இழந்துவிடுவேனோ என்று நான் ராத்திரி ராத்திரி நடுங்குகிறேனோ, அதையெல்லாம் ஏற்கெனவே இழந்தவர் அந்த அம்மா. அவர் இந்தக் கோயிலுக்கு வந்து கூட்டினார், மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார், தம்பியை மீட்டுக்கொடு என்று இந்த வீரட்டானேஸ்வரரிடமே கேட்டுக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தம்பி வந்தபோது திருநீறு கொடுத்து உள்ளே கூட்டிப் போனதும் அவர்தான். அதைத் தம்பிக்குச் செய்து முடிக்கும் வரை அவருக்கு இருந்த பிடிமானம் இந்தச் சுவாமி ஒருவர்தானே என்று நினைத்ததும் கண்ணில் நீர் நிற்கவில்லை.

அப்பர் தேவாரம் தொடங்கும் நாலாம் திருமுறையின் முதல் பதிகம் 'கூற்றாயினவாறு', வலி தாங்காமல் 'ஆற்றேன் அடியேன்' என்று கதறுகிற பாட்டு. அடுத்த பதிகமே, சமணத்தை விட்டு வந்ததற்காகப் பல்லவ மன்னன் யானையை ஏவிவிட்டபோது அவர் பாடியது. இரண்டும் இதே அதிகை வீரட்டானர் மேல். இரண்டாவதன் முதல் பாட்டை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மிதிக்க வரும் யானையைப் பற்றிப் பேச்சே இல்லை. சுவாமியின் பிறைச்சந்திரன், பவள நிறம், ஏறும் காளை, மார்பில் கிடக்கும் பாம்பு, கெடில ஆற்றுத் தண்ணீர் என்று ஆசை ஆசையாய்ச் சொல்லிக்கொண்டே வந்து, இதெல்லாம் உடைய ஒருவரின் ஆட்கள் நாங்கள், 'அஞ்சுவது யாதொன்றுமில்லை அஞ்ச வருவதுமில்லை' என்று முடிக்கிறார். தனக்குத் தைரியம் அதிகம் என்று எங்கேயும் சொல்லவில்லை, தான் யாருடையவர் என்பதைத்தான் சொல்கிறார். வலியில் கதறியவரும் அவரேதான் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த மன்னனே பின்னால் சைவனாகி இதே திருவதிகையில் குணபரஈச்சரம் என்று கோயில் எழுப்பியதாகப் பெரியபுராணம் சொல்கிறது.

பயம் சுத்தமாகப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ராத்திரி போன் அடித்தால் இப்போதும் திடுக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் கை போனை எடுக்கும் முன்னே வாய் 'உடையார் ஒருவர் தமர் நாம்' என்று சொல்லிவிடுகிறது, எடுத்துப் பேசுகிறேன். வீட்டுக்காரர் தாமதமானால் உட்கார்ந்து காத்திருக்க முடிகிறது. இது அவர் கொடுத்தது, எனக்குச் சந்தேகமில்லை.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். அப்பர் பிறந்த திருவாமூரும் பக்கம்தான். நேரம் இருந்தால் கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்கும் போய் வாருங்கள், கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியது அந்தப் பக்கம்தான், அங்கே கரையேறவிட்ட குப்பம் என்று ஒரு ஊரே இருக்கிறது. நான் அடுத்த முறை அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.