கிரெனடா: ஜாதிக்காய் மரத்தின் கணக்கு

கிரெனடாவின் தேசியக் கொடியில், கம்பத்தை ஒட்டிய பச்சை முக்கோணத்துக்குள் ஒரு ஜாதிக்காய் இருக்கும். கரீபியன் கடலில் 344 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவு நாடு, ஒரு காலத்தில் இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக உலகச் சந்தைக்கு ஜாதிக்காய் அனுப்பியது. 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் சூறாவளி அதன் மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்தது. மொத்தச் சேதம் நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மறு ஆண்டே எமிலி என்ற இன்னொரு சூறாவளி வந்தது.

வாழைத்தோட்டம் என்றால் அடுத்த வருடமே குலை தள்ளும். ஜாதிக்காய் அப்படியல்ல. ஆழமாக வேர்விடாத மரம், ஈரமண் சரிவில் பலமான காற்றைத் தாங்காது. விதையிலிருந்து வளர்த்தால் பூக்கவே ஐந்து முதல் எட்டு ஆண்டுகள். முழு விளைச்சலுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். இதைவிடக் கொடுமை, பூக்கும்வரை ஆண் மரமா பெண் மரமா என்று தெரியாது. பாதிக்குப் பாதி ஆணாகிவிடும்; தேவையோ பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண்தான். மீதியை வெட்டிப் போட வேண்டும். பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்று இந்தச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் நேராக மேல்நோக்கி வளரும் தளிரிலிருந்து ஒட்டுக்குச்சி எடுக்க வேண்டும். பக்கக்கிளையில் எடுத்தால் மரமாக உயராமல் புதராகப் படரும். மேல்நோக்கிய தளிர்கள் ஒரு மரத்தில் கொஞ்சமே கிடைப்பதால் நாற்றங்காலின் வேகமும் குறைவுதான். அறுபதைத் தாண்டிய விவசாயி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நிலத்தைச் சும்மா விட்டால் அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும் கொக்கோ பக்கம் பலர் திரும்பியது இதனால்தான்.

அறுவடைக்குப் பிறகும் கவனம் தேவை. வெடித்து விழும் காயை அன்றன்றே பொறுக்க வேண்டும். ஈரத்தரையில் கிடந்தால் பூஞ்சை ஏறி அஃப்ளாடாக்சின் நச்சு உருவாகும்; ஐரோப்பியத் துறைமுகத்தில் சரக்கு நிராகரிக்கப்பட இது ஒன்று போதும். ஜாதிபத்திரியைப் பிரித்தெடுத்து, கொட்டையை ஓட்டோடு நிழலில் ஆறு முதல் எட்டு வாரம் உலர்த்துவார்கள். குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடவென்று ஆட வேண்டும். பிறகு ஓட்டை உடைத்துத் தண்ணீரில் போட்டால், நல்லது மூழ்கும், சொத்தை மிதக்கும். மிதப்பவை எண்ணெய் வடிக்கப் போகும். 1947-இல் உருவான ஜாதிக்காய்க் கூட்டுறவுச் சங்கம் விவசாயிக்கு முதலில் ஒரு முன்பணமும், விற்றுமுடித்த பிறகு மிகுதியையும் தரும். விலை சரிந்த ஆண்டில் அந்த மிகுதி சுருங்கிவிடும்.

இன்று நாட்டைத் தாங்குவது சுற்றுலாவும், 1976-இல் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் மருத்துவப் பல்கலைக்கழகமும், 2013 முதல் முதலீட்டாளர்களுக்கு வழங்கும் குடியுரிமையும்தான். நாணயமான கிழக்குக் கரீபியன் டாலர் 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று கட்டப்பட்டிருக்கிறது. வணிகருக்கு மாற்றுவிகித அச்சம் இல்லை. அதே சமயம், அடிபட்ட பிறகு நாணய மதிப்பைக் குறைத்து மீளும் வழியும் அரசுக்கு இல்லை.

அதனால் கடன் பத்திரத்திலேயே ஒரு வழி எழுதினார்கள். 2015-இல் கடனை மறுசீரமைத்தபோது, பெரும் சூறாவளி தாக்கினால் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்ற விதியைச் சேர்த்தார்கள். இந்த நாட்டின் நிதி நிர்வாகத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி கிரெனடாவைச் சேர்ந்த கேரியாக்கூ தீவை நொறுக்கியதும் அந்த விதியைப் பயன்படுத்தினார்கள். கரீபியன் பேரிடர் காப்பீட்டு நிதியமும் நான்கு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்தது. தள்ளிவைத்த வட்டி தள்ளுபடி ஆகாது, அசலோடு சேரும். கடைசித் தவணைத் தேதியும் நகராது. எனவே பின்னால் வரும் தவணைகள் கனக்கும்.