கூரைக்கு முன் தரையைப் பாருங்கள்

கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் புனித ஜார்ஜ் கோட்டை நடக்கிற தூரம்தான். உள்ளே தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டையை மறக்காதீர்கள். புனித மரியாள் ஆலயத்துக்கு வருபவர்கள் நேரே உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். முதலில் வெளியே ஒரு சுற்று வாருங்கள்.

காலடியில் பாவியிருப்பவை கல்லறைக் கற்கள். ஆனால் அவற்றின் அடியில் யாரும் இல்லை. பழைய இடுகாடு இப்போதைய உயர்நீதிமன்றப் பக்கம் இருந்தது. 1758-59 முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளின் மறைவில் நின்றே கோட்டையைத் தாக்கியது. பிறகு சமாதிகளை இடித்து, கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஆரன் பேக்கரின் மனைவி, 1652இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல்லும் இதில் உண்டு. உச்சிவெயிலில் கல் சுடும், எழுத்தும் தெரியாது. காலையிலோ சாயங்காலமோ வந்தால், சாய்ந்த வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்துகூட நிழல் விழுந்து படிக்கக் கிடைக்கும்.

இனி உள்ளே. கட்டத் தொடங்கியது 1678 மார்ச் 25, தேவதூதன் மரியாளுக்கு நற்செய்தி சொன்ன திருநாள். பெயர் அப்படி வந்ததுதான். கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் முன்னின்று, கோட்டைவாசிகளின் நன்கொடையிலேயே கட்டினார். பிரதிஷ்டை 1680 அக்டோபர் 28.

80 அடிக்கு 56 அடி, பெரிய ஆலயமில்லை. அண்ணாந்து பாருங்கள்: உத்தரமே கிடையாது. சுமார் 2 அடி கனத்துக்குச் செங்கல் வளைவு, அதைத் தாங்க 4 அடிச் சுவர். வளைவு பாரத்தை வெளிப்பக்கமாகத் தள்ளும்; நடு வளைவுக்கு இருபக்க வளைவுகள் முட்டுக்கொடுக்கின்றன. கூரையில் மரம் இருந்தால் குண்டு விழுந்ததும் தீப்பிடிக்கும், அதனால்தான் இந்தப் பாடு. கட்டியவராகச் சொல்லப்படும் வில்லியம் டிக்சன் தலைமைப் பீரங்கிக்காரர். கூரையைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

ஞானஸ்நானத் தொட்டி பல்லாவரத்துக் கருங்கல். 1689இல், கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் மூன்று மகள்களும் இங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். கல்கத்தாவில் அவருடைய கல்லறைக் கல்லும் இதே இனம். அதனால் அந்தப் பாறைக்கே சார்னாக்கைட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல் திருமணம் 1680இல், ராபர்ட் கிளைவ் திருமணம் 1753இல், இரண்டும் இங்கேதான். வழிகாட்டிகள் இவற்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் நின்று பார்க்கவேண்டியது தஞ்சையில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரின் பளிங்கு நினைவுச் சின்னம்: மரணப்படுக்கைக் காட்சி, ஜான் பேக்கன் செதுக்கியது.

ஆலயத்தில் தொங்கிய பழைய படைக்கொடிகளைத் தேடுபவர்கள் பக்கத்தில் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். வெள்ளிக்கிழமை அது விடுமுறை.