பெரிய வண்டி நாட்குறிப்பு

2024 ஜனவரி 20, சனி

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. நான்கு வயதான ஏழு சீட் எஸ்யூவி, ஆறு சிலிண்டர் டீசல், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, நான்கு மூலையிலும் ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ரப்பர் பை). இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் முதல் காரணம் அப்பாவின் முழங்கால்தான். பட்டனை அழுத்தினால் வண்டி தானாகக் கீழே இறங்கிக் கொடுக்கிறது, அவர் காலைத் தூக்கி ஏற வேண்டியதில்லை, அப்படியே திரும்பி உட்கார்ந்துவிடுகிறார். சின்னவளின் குழந்தை சீட்டை ஐசோஃபிக்ஸ் கொக்கிகளில் மாட்டிய பிறகும் நடுவரிசையில் அம்மா நெருக்கடி இல்லாமல் உட்கார முடிகிறது, பின்வரிசை அண்ணன் பிள்ளைகளுக்கு.

இந்த மாதிரி வண்டிகளின் விலை முதல் சில வருஷங்களில் மளமளவென்று இறங்கிவிடும், ஆனால் உதிரி பாகங்களின் விலை இறங்காது. புதிதாக இருந்தபோது என்ன பராமரிப்பு கேட்டதோ அதைத்தான் பழசான பிறகும் கேட்கும், வயதாக ஆக கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று மட்டும் பார்த்து வாங்கியவர்கள் சீக்கிரமே அலுத்துப்போய் விற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் வண்டிக்கென்று தனியாக ஒரு கணக்கு தொடங்கி, மாதாமாதம் அதில் போட்டுக்கொண்டு வருவதென்று முடிவு. கோளாறு வந்த பிறகு பணத்தைத் தேடி ஓடுவது வேறு, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோளாறைத் தேடிப் போவது வேறு.

ராத்திரி உட்கார்ந்து பழைய சர்வீஸ் பில்களை எல்லாம் படித்தேன். என்ஜின் ஆயில் ஒழுங்காக மாற்றியிருக்கிறார்கள். பிரேக் ஆயில் ஒரு தடவை. கியர்பாக்ஸ் ஆயில் பற்றிப் பேச்சே இல்லை. முதல் வேலை அதுதான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

நேற்று முழுக்க கியர்பாக்ஸுக்கே போய்விட்டது. இதில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். வண்டியோடு வந்த கையேட்டில் இந்த ஆயிலை மாற்றச் சொல்லி ஒரு வரிகூட இல்லை, வண்டியின் ஆயுசுக்கும் அதே ஆயில் போதும் என்கிற கணக்கில் விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருஷத்துக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவர்கள் சொல்வதைக் கேட்பதா, வாங்கிப் பொருத்தியவர்கள் சொல்வதைக் கேட்பதா என்று வந்தால் நான் செய்தவர்கள் பக்கம்தான்.

வேலையும் என்ஜின் ஆயில் மாற்றுவது மாதிரி சுலபம் இல்லை. அடியில் இருக்கும் ஆயில் பேன் பிளாஸ்டிக், ஃபில்டர் அதற்குள்ளேயே பதிந்து வருகிறது, அதனால் பேனோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். புது ஆயிலை ஊற்றிய பிறகு அளவு பார்ப்பதில்தான் நுணுக்கம். வண்டி சாயாமல் மட்டமாக நிற்க வேண்டும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆயிலின் சூடு 30லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போது நிரப்பும் துளையில் லேசாக வழிந்தால்தான் அளவு சரி. மெக்கானிக் அண்ணன் வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “சூடு ஏறிட்டா ஆயில் விரிஞ்சிரும் தம்பி, குறைச்சலா இருந்தாலும் நிறைஞ்ச மாதிரி காட்டும்” என்றார்.

கழற்றிய பேனை வாங்கிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் சின்னக் காந்தங்களில் சாம்பல் நிறத்தில் சேறு படிந்திருந்தது. கியரும் கிளட்சும் தேய்ந்து வரும் நுண்ணிய துகள் அது, இத்தனை ஓட்டத்துக்கு அது இருக்கத்தான் செய்யும். சில்லு சில்லாக உலோகம் கிடைத்தால்தான் பயப்பட வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தேன், வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது, எங்கேயும் நெருடவில்லை. அதற்கப்புறம்தான் மூச்சு வந்தது.

திரும்பி வரும்போது, சிக்னலுக்கு முன்னால் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் நேரத்தில் வந்துகொண்டிருந்த சின்ன உதறல் காணோம்.

மார்ச் 10, ஞாயிறு

சீட் சுத்தம் செய்யும் நாள். இன்றைய கார்களின் லெதர் சீட்டில் பெரும்பாலும் மேலே பாலியூரித்தேன் பூச்சு இருக்கும், நம் கை படுவது அந்தப் பூச்சின் மேல்தான். எண்ணெய்ப் பசை உள்ள பாலிஷைத் தடவினால் அது தோலுக்குள் இறங்காது, மேலேயே பிசுபிசுவென்று நின்று அழுக்கைச் சேர்க்கும். தண்ணீரில் செய்த கிளீனர், மெல்லிய பிரஷ், ஈரத்துணி, இது போதும். டிரைவர் சீட்டின் ஓரத்தில் ஜீன்ஸின் நீலம் ஏறியிருந்தது, அதைச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும், நாள் ஆக ஆக வராது.

ஏப்ரல் 21, ஞாயிறு

வலது முன் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். பள்ளத்தில் இறங்கி உள்ளே இருக்கும் இழைகள் அறுந்தால் இப்படித்தான் வரும், இதற்குப் பஞ்சர் ஒட்டுவது போல எந்த வைத்தியமும் கிடையாது. உடனே கழற்றிவிட்டு ஸ்டெப்னியை மாட்டி மெதுவாகக் கடைக்குப் போனேன்.

கடையில் அந்த ஒரு டயரை மட்டும் மாற்றச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற மூன்றும் பாதிக்கு மேல் தேய்ந்தவை. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால் அதன் சுற்றளவு கூடுதலாக இருக்கும், அந்தச் சக்கரம் மற்றவற்றைவிட மெதுவாகச் சுற்றும், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் நேர் ரோட்டில்கூட ஓய்வில்லாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துச் சூடாகிக்கொண்டே இருக்கும். மூன்று டயரின் காசை மிச்சம் பிடித்து டிரான்ஸ்ஃபர் கேஸைப் பலி கொடுக்க மனசு வரவில்லை. நான்கையும் மாற்றினேன்.

அப்படியே 20 அங்குல வீலிலிருந்து 19க்கு இறங்கிவிட்டேன், இந்த வண்டிக்குத் தயாரிப்பாளரே இரண்டு அளவையும் அனுமதித்திருக்கிறார். இருந்தது 275/45 ஆர்20, அதன் பக்கச்சுவர் உயரம் சுமார் 124 மில்லிமீட்டர். இப்போது போட்டது 265/50 ஆர்19, சுமார் 132. அந்த எட்டு மில்லிமீட்டர் ரப்பர் மேடு பள்ளத்தில் செய்யும் உபகாரத்தை அம்மா ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே சொல்லிவிட்டார். மொத்த விட்டத்தில் வித்தியாசம் ஒரு சதவீத அளவுதான், ஸ்பீடோமீட்டருக்குப் பிரச்சினை இல்லை. லோடு இண்டெக்ஸ் 110 இருக்கிறதா என்று மட்டும் நான்கிலும் பார்த்து வாங்கினேன், ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும் என்று அர்த்தம். வண்டியே இரண்டே கால் டன், இதில் சமரசம் கூடாது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 0624, அதாவது 2024ஆம் வருஷத்தின் ஆறாவது வாரம் செய்தது. புது டயர் என்று சொல்லிப் பழைய சரக்கைத் தருகிறார்களா என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி கிடையாது.

ஜூன் 2, ஞாயிறு

மகள்தான் முதலில் பார்த்தாள். “அப்பா, வண்டி ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது.” போய்ப் பார்த்தால் இடது பின்பக்கம் இறங்கியிருக்கிறது. டேப் எடுத்து வீலின் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தேன், வலதைவிட 22 மில்லிமீட்டர் குறைவு. என்ஜினை ஓட விட்டதும் அந்த ரப்பர் பைகளுக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸர் உறுமி, அரை நிமிஷத்தில் தூக்கி நிறுத்திவிட்டது. டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், அதுவே எழும்பிக்கொள்கிறதே என்று. ஆனால் காற்று கசியக் கசிய கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும், ஓடி ஓடிச் சூடாகும், அதன் பிஸ்டன் ரிங் தேயும், கடைசியில் ஒரு ரப்பர் பையோடு முடிய வேண்டிய செலவில் கம்ப்ரஸரும் சேர்ந்துகொள்ளும். இரவுக் குளிரில் நான்கு மூலையும் ஒரே மாதிரி கொஞ்சம் இறங்குவது இயல்பு, காற்று சுருங்குகிறது, அதற்குக் கவலை வேண்டாம். ஒரு மூலை மட்டும் இறங்கினால் கசிவுதான்.

ஜூன் 3, திங்கள்

வேலைக்குக் கிளம்பும் முன் வண்டியை உச்ச உயரத்துக்கு ஏற்றி, சோப்புத் தண்ணீரை ஸ்பிரேயரில் போட்டு இடது பின் ஏர் பெல்லோஸில், அதாவது அந்த ரப்பர் பையில், அடித்தேன். வண்டியின் அடியில் தலையை விடவில்லை, சஸ்பென்ஷன் எப்போது வேண்டுமானாலும் இறங்கும், டார்ச்சும் செல்போன் கேமராவும் போதும். ரப்பரின் கீழ் மடிப்பில், உருண்டு உருண்டு இறங்கும் அந்த இடத்தில், மயிரிழை வெடிப்புகள் வரிசையாக இருந்தன. ஒரு வெடிப்பிலிருந்து மட்டும் நுரை மெல்லப் பொங்கிப் பொங்கி வந்தது. வலது பக்கத்திலும் வெடிப்புகள், நுரை மட்டும் இல்லை.

ஜூன் 8, சனி

பின்பக்கம் இரண்டையும் மாற்றியாகிவிட்டது. இரண்டும் ஒரே வயசு, ஒரே ஓட்டம், ஒன்று போனால் மற்றொன்றுக்கு அதிக நாள் இல்லை. வண்டியைத் தூக்கும் முன் மெனுவில் போய் ஜாக் மோடை ஆன் செய்தார் மெக்கானிக் அண்ணன், இல்லாவிட்டால் வண்டி சாய்வதாக நினைத்துக்கொண்டு சஸ்பென்ஷன் தன் போக்கில் காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். புதுசைப் பொருத்திய பிறகு வண்டியை நேரே தரையில் இறக்கிவிடக் கூடாது. முதலில் ஸ்கேனர் வழியாகக் காற்று ஏற்றி, ரப்பர் மடிப்பு சரியாக உருண்டு உட்கார்ந்த பிறகுதான் எடையை ஏற்ற வேண்டும். காற்றில்லாத பையின் மேல் வண்டியின் எடையை இறக்கினால் மடிப்பு நசுங்கி அன்றைக்கே கெட்டுப்போகும். இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவரும் பார்க்க விட்டார். இப்படி வேலை காட்டிச் செய்பவர் கிடைப்பது பெரிய விஷயம்.

கம்ப்ரஸருக்கு ஒன்றும் ஆகவில்லை. மகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

மழை பிடித்துக்கொள்வதற்குள் சன்ரூஃப் வடிகால்களைப் பார்த்துவிட்டேன். பெரிய கண்ணாடிக் கூரை உள்ள வண்டிகளில் கண்ணாடி ஓரத்து ரப்பர் எல்லாத் தண்ணீரையும் தடுக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும், அது சுற்றியுள்ள காடியில் விழுந்து நான்கு மூலையிலும் இருக்கும் சின்னக் குழாய்கள் வழியாக வெளியே போகும். இலையும் தூசியும் சேர்ந்து குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கித் தரைவிரிப்புக்கு அடியில் தேங்கும், அங்கேதான் பல வண்டிகளில் வயரும் கண்ட்ரோல் யூனிட்டும் இருக்கின்றன.

காற்று அழுத்தத்தில் ஊதினால் உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிடும் அபாயம் உண்டு. புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் கயிற்றின் முனையை மழுக்கி மெல்ல விட்டேன், பிறகு ஒவ்வொரு மூலையிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அது கீழே எங்கே சொட்டுகிறது என்று பார்த்தேன். இடது முன் குழாய் மட்டும் சோம்பலாக இருந்தது, கறுத்துப்போன இலைத்துணுக்கு வந்தது, அப்புறம் சரி.

செப்டம்பர் 15, ஞாயிறு

எல்லோருமாக நீண்ட பயணம். ஏழு பேர் உட்கார முடியும் என்பதால் ஏழு பேரோடு எவ்வளவு சாமானும் ஏற்றலாம் என்றில்லை. பதிவுப் புத்தகத்தில் உள்ள மொத்த எடையில் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் வருவதுதான் நமக்கு, இதில் அது சுமார் 650 கிலோ. ஆறு பெரியவர்களும் ஒரு குழந்தையும் ஏறினாலே அதில் பெரும்பங்கு போய்விடும். கூரைக்கு 100 கிலோதான் உச்சம், அதிலும் பெட்டியின் எடை, கம்பியின் எடை எல்லாம் சேர்த்தி. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு சுமைக்கு எவ்வளவு காற்று என்று இருக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

இந்த ஓட்டம் வண்டிக்கும் தேவைப்பட்டது. பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று குறுகிய தூரமே ஓடினால் டீசல் புகை வடிகட்டியில் கரி சேர்ந்துகொண்டே போகும். அது எரிய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும், அந்தச் சூடு நீண்ட ஓட்டத்தில்தான் நிலைத்து நிற்கும். பாதியில் என்ஜினை அணைத்தால் எரியாமல் நிற்கும், அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் கொஞ்சம் என்ஜின் ஆயிலோடு கலக்கவும் செய்யும். இந்தக் காரணத்தால்தான் கையேட்டில் உள்ள நீண்ட இடைவெளிக்குக் காத்திருக்காமல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றுகிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆட்புளூ ஊற்றினேன், டீசல் புகையைச் சுத்தம் செய்ய வண்டிக்கு ஊற்றும் யூரியாக் கரைசல் அது. வழிந்ததை அப்போதே தண்ணீர் விட்டுத் துடைத்தாயிற்று, காய்ந்தால் யூரியா வெள்ளையாக உப்புப் பூத்துவிடும்.

நவம்பர் 24, ஞாயிறு

முன் கண்ணாடியில் லாரியிலிருந்து தெறித்த கல். விரிசல் ஓடிவிட்டதால் கண்ணாடி மாற்றம். புதுக் கண்ணாடி ஒட்டி முடித்ததும் வேலை முடிந்தது என்றார்கள். இல்லை என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராதான் ரோட்டுக் கோட்டைப் பார்க்கிறது, முன்னால் போகும் வண்டியைப் பார்க்கிறது, அவசரத்தில் தானாகப் பிரேக் போடுகிறது. அது துளி கோணம் மாறினாலும் தூரத்தில் பல அடி தள்ளிப் பார்க்கும். அளவுப் பலகையை முன்னால் வைத்து கேமராவைச் சரிபார்த்து, அந்தப் பதிவைக் கையில் வாங்கிய பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

பிரேக் ஆயில் மாற்றியாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஏனென்றால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டிஓடி 4 தரம் என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 155. குடும்பத்தோடு மலை இறங்கும் கனமான வண்டிக்கு இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

பேட்டரியும் புதுசு. ஏஜிஎம் வகை (ஆசிடைக் கண்ணாடி இழைப் பாயில் ஊற வைத்த மூடிய பேட்டரி), பழையதற்கு இருந்த அதே ஆம்பியர்-ஹவர் கொள்ளளவு. மாற்றிய கையோடு ஸ்கேனரில் பதிவு செய்தார் மெக்கானிக் அண்ணன். பதிவு செய்யாவிட்டால் வண்டி பழைய பேட்டரி என்றே நினைத்து அதற்கேற்பச் சார்ஜ் போடும். பூட்டிவிட்டு வண்டி தூங்கும் வரை காத்திருந்து மின்னோட்டமும் பார்த்தோம், 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிட்டது. சாவியை வண்டிக்கு எதிர்ச்சுவரில் மாட்ட வேண்டாம், பக்கத்திலேயே இருந்தால் வண்டி விழித்துக்கொண்டே இருக்கும் என்றார், உள் அறைக்கு மாற்றிவிட்டேன்.

மனைவி கேட்டாள், இந்த வருஷச் செலவைப் பார்த்தால் விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்று பார்க்கலாமா என்று. கணக்கை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியும் அந்த ஒரு டயரும் தவிர ஒன்றுகூட எதிர்பாராமல் வந்ததில்லை, எல்லாமே ஒதுக்கிய பணத்துக்குள் முடிந்திருக்கிறது, பெரிய வேலைகள் பாதி இப்போது முடிந்தவை. இப்போது விற்றால் அதன் பலனை வாங்குபவர் அனுபவிப்பார். அவளுக்கும் சரியென்றே பட்டது. அப்பாவிடம் கேட்கவே வேண்டாம்.

ஜனவரியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில். முன், பின் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் கியர்) இரண்டின் ஆயிலையும் அன்றைக்கே சேர்த்து முடித்துத்தரச் சொல்லியிருக்கிறேன்.