எட்டில் மூன்று

போன வருடம் இலங்கை மலையகத்தில் திக்கோயாப் பக்கம் ஒரு பழைய துரை பங்களாவில் கிடந்த லாச்சிப் பெட்டகம் என் பட்டறைக்கு வந்தது. லாச்சி என்றால் இழுப்பறை. மேலே இரண்டு சின்ன லாச்சிகள், கீழே மூன்று நீள லாச்சிகள். இடையில் பிரித்தால் இரண்டு பெட்டியாகிவிடும். படை அதிகாரிகள் முகாமுக்கு முகாம் தூக்கிப் போவதற்காக உண்டான பாணி இது. மலையேற வேண்டிய தோட்டத் துரைமாருக்கும் அது தோதாக இருந்திருக்கும். நானுஓயாவுக்கு ரயில் வந்ததே 1885இல்தானே. வண்டியில் இடிபட்டாலும் உடையாதபடி, இந்தப் பெட்டகங்களில் கைப்பிடி வெளியே நீட்டாது. பித்தளைத் தகடும் அதன் நடுவில் மடங்கிக் கிடக்கும் வளையமும் மரத்தைக் குடைந்த பள்ளத்துக்குள் மட்டமாக உட்கார்ந்திருக்கும்.

எட்டுக் கைப்பிடிகளில் ஐந்துதான் மிச்சம். மற்ற மூன்றின் பள்ளங்களைப் புட்டியால் அடைத்து, மேலே மினுங்கும் எவர்சில்வர்க் குமிழ்களைத் திருகியிருந்தார்கள். தேக்கு முகத்தில் அவை மூன்றும் போலிப் பல் மாதிரி இருந்தன.

உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். “பாஸ், கண்டியில் எட்டும் ஒரே மாதிரியாகப் புதிதாகவே வாங்கலாமே. ஐந்தையும் கழற்றிவிட்டால் என்ன?” என்று கேட்டார்.

“கழற்ற வேண்டாம் சேர், பொறுங்கள்” என்றேன். அந்தப் பொறுமை எனக்குச் சும்மா வந்ததில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு எழுது மேசையின் பூட்டுத் தகடுகளை அரை நாள் உட்கார்ந்து பொலிஷ் போட்டுத் தேய்த்தேன். தங்கம் மாதிரி வந்துவிட்டது. நல்ல பெயர் கிடைக்கும் என்று காத்திருந்தேன். மேசையைப் பார்க்க வந்த அந்த வீட்டுப் பெரியம்மா, “அடடா, பழையதை எறிந்துவிட்டுப் புதிது போட்டீர்களா?” என்றார். நூறு வருடத்துக் கருமையை அரை நாளில் வழித்துப் போட்டிருந்தேன். தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த என் அப்பா அன்று ஒன்றும் சொல்லவில்லை. பொலிஷ் டின்னை மட்டும் எடுத்து எட்டாத தட்டில் வைத்துவிட்டார்.

ஆகவே இப்போது கடைக்குப் போவதற்கு முன் ஓட்டைகளைப் பார்க்கிறேன். புட்டியைச் சுரண்டி எடுத்ததும் பள்ளத்தின் விளிம்பு தெரிந்தது: நாலு அங்குல நீளம், மூலைகள் சதுரம், நாலு திருகாணித் துளைகள். ஒன்றில் உடைந்த பித்தளைத் துண்டு இன்னும் இருந்தது. போனது என்ன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சேருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. 1815இல் கண்டி வீழ்ந்தபோது வந்த பட்டாளத்தோடு சேர்ந்து வந்த பெட்டகம் இது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மிஞ்சியிருந்த ஐந்து கைப்பிடிகளின் இருபது திருகாணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இருபதும் ஒரே இனம். திருப்புளி வைக்கும் பிளவு தலையின் நட்டநடுவில், நுனி கூர்மையாக. கையால் அரம் போட்டுச் செய்த பழைய திருகாணிக்கு நுனி மொட்டையாக இருக்கும். பிளவும் ஓரமாக ஒதுங்கியிருக்கும். கூர்நுனித் திருகாணியை இயந்திரத்தில் செய்வது 1840களில்தான் அமெரிக்காவில் கைகூடியது. 1850களில் அந்த இயந்திரம் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்கு வந்தது. ஒன்றிரண்டு கூர்நுனி என்றால் பிறகு மாற்றியது எனலாம். இருபதுக்கு அப்படிச் சொல்ல முடியாது. பட்டாளக் கதையைக் கைவிட சேருக்கு மனம் வரவில்லை. ஆனாலும் திருகாணியை வாங்கி வெளிச்சத்தில் நெடுநேரம் உருட்டிப் பார்த்தார்.

கூட்டல் குறி மாதிரிப் பிளவுள்ள ஸ்டார் தலைத் திருகாணி இன்னும் பிந்தியது. அதற்குக் காப்புரிமை கிடைத்தது 1936இல். விக்டோரியா காலத்து அலுமாரி என்று ஒருவர் விலை பேசும்போது நான் முதலில் கதவு திரும்பும் கீலை, அதாவது பிணைச்சலைத்தான் பார்ப்பேன். அங்கே ஸ்டார் தலை இருந்தால் அலுமாரி பொய் என்றாகிவிடாது. யாரோ கை வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. அதன்பிறகு கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

கைப்பிடி தேடி அற்றனில் பழைய இரும்புக் கடை நானாவிடம் போனேன். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போன பிறகு, பங்களாச் சாமான்கள் வண்டி வண்டியாக ஏலத்தில் போனதைச் சிறுவனாகப் பார்த்தவர் அவர். மரத்தைக் கேட்டவர்கள் மரத்தைக் கொண்டுபோனார்கள், உடைந்ததன் பித்தளை கிலோ விலைக்கு உருக்கப் போனது என்பார். அவருடைய சாக்குகளைக் கொட்டித் தேட விடுவார். நான் சட்டைப் பையில் ஒரு காந்தத் துண்டோடு போவேன். பித்தளை முலாம் பூசிய இரும்பு உடனே ஒட்டிக்கொள்ளும். பிணைச்சல் என்றால் அதன் கணுவைப் பார்த்தால் போதும்: தகட்டைச் சுருட்டி மடித்தது புதிது, வார்த்துக் கடைந்தது கையில் கனக்கும்.

“தம்பி, நீங்கள் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கீழே வைத்தால் நான் அதற்கு விலை கூட்டிவிடுவேன்” என்று ஒருநாள் சொன்னார் நானா. அன்றிலிருந்து வேண்டாத சாமான்களையும் தூக்கித் தூக்கி வைக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் கூட்டுகிறார்.

கைப்பிடி அங்கே கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு கதவுப் பிணைச்சல்களில் நல்ல பிளவுத் தலைப் பித்தளைத் திருகாணிகள் பன்னிரண்டு இருந்தன. மூன்று கைப்பிடிக்குச் சரியாகப் பன்னிரண்டு. பிணைச்சலோடு சேர்த்து நிறுத்து வாங்கினேன்.

கைப்பிடியை வார்த்துத்தான் ஆக வேண்டும். பித்தளை வேலைக்குப் பேர்போன பிலிமத்தலாவைக்கு, இருந்த ஐந்தில் ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே ஒரு வார்ப்புக்காரர் அதை மணலில் அமுக்கி அச்செடுத்து, ஒரு கிழமையில் மூன்று செய்து தந்தார். வேலை சுத்தம். பட்டறைக்குக் கொண்டுவந்து பள்ளத்தில் வைத்தேன். சுற்றிவர ஒரு நூலளவு இடைவெளி, நகம் நுழைகிற அளவுக்கு.

பித்தளை உருகி ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை வீதமளவு சுருங்கும். நாலு அங்குலத் தகட்டில் அது ஒன்றரை மில்லிமீட்டர். மேலே திருகும் கைப்பிடி என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மரத்துக்குள் பதிகிற கைப்பிடியில் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் கறுப்புக் கோடாக நின்று முறைக்கும். தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் கோட்டைவிட்டேன். அசலையே அச்சாகக் கொடுத்தது என் பிழை, வார்ப்புக்காரருடையது இல்லை.

பிறகு பலா மரத்தில் நானே ஒரு மாதிரி செதுக்கினேன். சுருங்குவதற்கு ஒன்றரை மில்லிமீட்டர், அரம் போடுவதற்கு இன்னொரு அரை. அதை அவரிடம் கொடுத்து மறுபடி மூன்று வார்த்தோம். இம்முறை பள்ளத்தைவிடத் துளி பெரிதாக வந்தது. அரம் போட்டு, வைத்துப் பார்த்து, மறுபடி அரம் போட்டு, ஒரு கைப்பிடிக்கு அரை நாள் பிடித்தது. தட்டினால் இறங்குகிற அளவுக்கு வந்ததும் நிறுத்தினேன்.

நிறத்துக்கு, மூடிய வாளியில் அமோனியாப் புகையில் ஓர் இரவு வைத்தேன். மஞ்சள் அடங்கித் தவிட்டு நிறமானது. பழைய ஐந்தின் கருமை அதற்கு வரவில்லை, நான் வரவழைக்கவும் முயலவில்லை. பின்பக்கத்தில் மூன்றிலும் வருடத்தைக் குத்தினேன். பழைய தேக்கில் பித்தளைத் திருகாணியை நேராக முறுக்கினால் தலை கழன்று கையோடு வந்துவிடும். அதனால் அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் இறக்கிப் பாதை போட்டு, அதை எடுத்துவிட்டு, பித்தளையில் மெழுகு தடவி ஏற்றினேன்.

“வருடம் எதற்கு? யாருக்குத் தெரியப்போகிறது?” என்றார் சேர்.

“அடுத்து கழற்றுகிறவருக்கு, சேர்.”

வார்ப்புக்காரர் அந்தப் பலா மாதிரியைத் தன்னிடமே விட்டுப் போகச் சொன்னார். கண்டிக் கடைகளுக்கு நிறையப் போகும் என்றார். வருடம் குத்தாமல் போகும் என்பது எனக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கி வந்தேன். இப்போது அது என் பால்மா டின் ஒன்றில், முதலில் வார்த்த சுருங்கிய கைப்பிடிகளோடு கிடக்கிறது. எவர்சில்வர்க் குமிழ்களில் இரண்டும் அங்கேதான். மூன்றாவதைப் பட்டறைக் கக்கூஸ் கதவுக்குப் போட்டுவிட்டேன், நன்றாகப் பிடிக்கிறது.